கொரியா அக்காவின் சண்டை

டிவியோடு சண்டை போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கிரிக்கெட் பார்க்கும்போது என் அப்பா நடுவரைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் படத்தை நிறுத்தி வைத்துவிட்டு, அதில் வரும் ஆளை முகத்துக்கு முகம் பார்த்து, நியாயம் கேட்டு நின்ற ஒருத்தியைத் தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் மட்டும்தான் பார்த்தேன்.

அவளை எல்லோரும் கொரியா அக்கா என்றார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜெர்மனியில் பல வருஷம் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டன் வந்த குடும்பம். கணவர் பெட்ரோல் ஸ்டேஷனில் கல்லாவில் நிற்பார். அக்காவுக்கு நியூ மோல்டனில் ஒரு கொரிய உணவகத்தின் சமையலறையில் வேலை. குள்ளமான உருவம். மிளகாய்த்தூளில் ஊறிச் சிவந்த விரல்கள். முன்கை முழுக்கச் சூடு பட்ட தழும்புகள். பக்கத்தில் உட்கார்ந்தால் பூண்டு வாசம் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எவ்வளவு பவுடர் போட்டுக்கொண்டு வந்தாலும் அந்த வாசம் போகாது. அதற்காக அவள் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் பாளையங்கோட்டைக்காரி. நர்ஸ் வேலைக்கு வந்தவள். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து நடந்த தமிழ்ச் சபையில்தான் பழக்கம். வேலையில்லாத சனிக்கிழமை மத்தியானங்களில் அவள் வீட்டு முன்னறையில் ஐந்தாறு பெண்கள் கூடுவோம். உணவகத்து முதலாளியம்மா கொடுத்த டிவிடிகள் அவளிடம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. எல்லாம் பக்திப் படங்கள், எல்லாம் அழுகைப் படங்கள். புருஷன் குடிகாரனாக இருப்பான், இல்லையென்றால் கடலோடு போயிருப்பான். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதற்காக மாமியார் மருமகளை வீட்டைவிட்டுத் துரத்துவாள். பனி கொட்டும். யாருக்காவது காசநோய் வரும். மருமகள் மலையில் ஏறி ஜெபம் பண்ணுவாள். கடைசியில் கோயில் மணி அடிக்கும்.

படத்தின் கீழே ஆங்கிலம் ஓடும். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அதனால் உணவகத்தில் கொரிய மொழி கேட்டுப் பழகிய அக்கா டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே போவாள். மாமியாருக்கு மூக்கால் ஒரு குரல், போதகருக்குத் தொண்டையை இறுக்கி ஒரு குரல். கொரிய மொழியிலும் அப்பாவுக்கு அப்பாதான். படத்தில் பிள்ளை “அப்பா” என்று அழும்போது மட்டும் சும்மா இருப்பாள். “இதுக்கு நான் தேவையில்லை” என்பாள்.

நான் முதல் தடவை போனபோது ஓடிய படத்தில் நாயகி மீன் விற்கிறவள். குழந்தை செத்து மூன்றாவது நாள். சபையிலிருந்து ஒரு அம்மாள் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வருகிறாள். வந்து உட்கார்ந்து, “உன் பாவத்தை யோசித்துப் பார், எங்கே தவறினாய் என்று பார்” என்கிறாள். அக்கா அந்த வசனத்தைச் சொல்லி முடித்தாள். முடித்ததும் ரிமோட்டை நீட்டிப் படத்தை நிறுத்திவிட்டாள். திரையில் அந்த அம்மாள் வாய் பாதி திறந்தபடி நின்றாள்.

அக்கா கிட்டப் போய்க் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தாள்.

“வெறுங்கையோடை வந்திருக்கிறீர். ஒரு கோப்பைச் சோறு கொண்டுவந்தனீரோ? இல்லை. அவளின்ரை அடுப்பு எரியுதோ எண்டு பாத்தனீரோ? இல்லை. வந்த உடனை பாவத்தைப் பற்றிக் கதைக்கிறீர்.”

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் படத்தை ஓடவிட்டாள்.

“ஏன்க்கா, இவ்வளவு கோபம் வருதுன்னா இந்தப் படத்தை எதுக்குப் பாக்குறீங்க?” என்று கேட்டேன்.

“இந்தப் படங்களிலை கஷ்டத்தை ஒளிக்கிறேல்லை, பிள்ளை. பசியெண்டால் பசி. சாவெண்டால் சாவு. எல்லாத்தையும் வடிவாக் காட்டுவாங்கள். பேந்து கடைசிப் பத்து நிமிசத்திலைதான் பொய் சொல்லுவாங்கள். அந்தப் பத்து நிமிசத்தோடைதான் எனக்குச் சண்டை.”

அந்தக் குணத்தின் முழு எடையும் எனக்குத் தெரிந்தது அதற்கு அடுத்த குளிர்காலத்தில், என் வீட்டுக் கட்டிலில் வைத்து. ஐந்து மாதம் வயிற்றில் இருந்த பிள்ளை எனக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தேன். சபைப் பெண்கள் வந்து போனார்கள். சபைச் செயலாளரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாத்திலையும் ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்கு, பிள்ளை” என்றாள். நல்ல மனுஷி. மனதாரத்தான் சொன்னாள். எனக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க வேண்டும்போல இருந்தது.

கொரியா அக்கா ஒரு தூக்குச்சட்டியோடு கதவருகே நின்றிருந்தாள்.

“அந்தத் திட்டத்தை நீங்கள் பாத்தனீங்களோ, அக்கா?” என்று கேட்டாள்.

“என்ன?”

“ஆண்டவரின்ரை திட்டம். பாத்தனீங்களோ?”

“அதை ஆர் பாக்க ஏலும்?”

“அப்ப விடுங்கோ. பிள்ளை முதல்லை கஞ்சியைக் குடிக்கட்டும்.”

நல்லெண்ணெய் விட்ட கொரியக் கஞ்சி. ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னிடம், “பெயர் வச்சனீங்களோ?” என்று கேட்டாள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. வைத்திருந்தோம். சொன்னேன். அவள் அந்தப் பெயரை ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டு, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்றைக்குத்தான் நான் சத்தம் போட்டு அழுதேன்.

இந்தப் பிடிவாதத்தை எங்கே பிடித்தாள் என்று பிறகு ஒரு நாள் சொன்னாள். உணவகத்து முதலாளியம்மா விதவை. கடை திறக்கும் முன்னால், விடிகாலையில் தங்கள் கொரியச் சபைக்கு ஜெபத்துக்குப் போவாளாம். ஒரு நாள் இவளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

“எங்கடை சபையிலை ஒராள் செபிப்பார், மிச்ச ஆக்கள் ஆமென் சொல்லுவினம். அங்கை அப்பிடி இல்லை. முதல்லை எல்லாருமாச் சேந்து மூண்டு தரம் ‘ஆண்டவரே’ எண்டு கத்துவினம். பேந்து ஒவ்வொருத்தரும் தன்ரை தன்ரை கதையைச் சொல்லிக் கத்துவினம், எல்லாரும் ஒரே நேரத்திலை. எங்கடை முதலாளியம்மா கடையிலை பூனைமாதிரி. அங்கை கதிரையிலை அடிச்சு அடிச்சுக் கேக்கிறா, ‘என்ரை மனிசனை ஏன் எடுத்தனீர்’ எண்டு. ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. ஒருத்தரும் வாயைப் பொத்தச் சொல்லேல்லை. எனக்கு அப்பதான் தெரிஞ்சுது பிள்ளை, கேக்கிறதும் செபம்தான் எண்டு.”

எங்கள் சபை அப்படிப்பட்ட சபை இல்லை. பழைய கீர்த்தனைகளைத் தாளம் தப்பாமல் பாடி, தலைகுனிந்து ஜெபித்து, சுண்டல் சாப்பிட்டு வீட்டுக்குப் போகிற சபை. போதகர் மெல்லிய குரல்காரர். செயலாளர், ஓய்வு பெற்ற கணக்காளர், எந்தக் கூட்டத்தையும் சொன்ன நேரத்தில் தொடங்கி சொன்ன நேரத்தில் முடிக்கிறவர். சபையில் யாராவது சத்தமாக மூக்கைச் சிந்தினால்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

2009 வந்தது. அந்த வருஷத்தின் முதல் மாதங்கள் லண்டன் தமிழர்களுக்கு எப்படிப் போயின என்று சொல்லத் தேவையில்லை. அக்காவின் ஒரே தங்கை வன்னியில் இருந்தாள், புருஷன் இல்லாமல், ஒரு மகனும் ஒரு மகளுமாக. மாசியிலிருந்து போனில் பேச்சு இல்லை. அக்கா வேலை முடிந்ததும் சமையலறை உடுப்போடேயே ரயிலேறி, யுத்தத்தை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்ற கூட்டத்தில் போய் நிற்பாள். அடுத்த நாள் தொண்டை கட்டிப்போய் வேலைக்குப் போவாள். செயலாளர் ஒரு ஞாயிறு அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

“ரோட்டிலை நிண்டு என்ன பிரயோசனம்? நாங்கள் செபிக்கிற சனம்.”

“நானும் செபிக்கத்தான் போறனான், அண்ணை. அங்கை கொஞ்சம் சத்தமாச் செபிக்கலாம்.”

வைகாசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. சபைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் கீர்த்தனை பாட வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் செயலாளர் ஒரு ஆறுதல் கூட்டம் வைக்கலாம் என்றார். சனிக்கிழமை பின்னேரம், பள்ளிக்கூட ஹாலில் ஒரு கொரியப் படம். யுத்தத்தில் வீட்டை இழந்து, பிள்ளையை இழந்து, விசுவாசத்தை மட்டும் இழக்காத ஒரு தாயின் கதை. கொரியா அக்கா தமிழில் சொல்ல வேண்டும்.

அக்கா வேண்டாம் என்றாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“அண்ணை, நான் அதை மூண்டு தரம் பாத்தனான். இப்ப எங்கடை சனம் அதைப் பாக்கக் கூடாது.”

“ஏன்? எங்கடை கதைதானே?”

“எங்கடை கதைதான். முடிவுதான் எங்கடை இல்லை.”

“சனத்துக்கு ஒரு ஆறுதல் வேணும், பிள்ளை. வேறை என்னத்தைக் குடுக்கிறது நாங்கள்?”

அவர் குரல் அந்தக் கேள்வியில் கொஞ்சம் உடைந்ததை நான் கவனித்தேன். அக்காவும் கவனித்திருக்க வேண்டும். “சரி, வாறன். ஆனா நான் பொய் சொல்லமாட்டன்” என்றாள்.

ஹால் நிறைந்துவிட்டது. சபைக்கே வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டார்கள். வெள்ளைத் திரையில் சனம் நடக்கத் தொடங்கியது. தலையில் மூட்டை, முதுகில் பிள்ளை, மாட்டுவண்டியில் கிழவர்கள். உறைந்த ஆற்றின் மேல் வரிசையாக நடக்கிறார்கள். விமானம் வருகிறது. பனிக்கட்டி உடைகிறது. அக்கா திரைக்குப் பக்கத்தில் கையில் மைக்கோடு நின்று சொல்லிக்கொண்டு போனாள். எந்தக் குரலும் மாற்றவில்லை. எல்லோருக்கும் தன் குரலையே கொடுத்தாள். “இறங்காதை மகள், கையை விடாதை” என்று அவள் சொன்னபோது என் முன்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார். தாயின் கையிலிருந்து பிள்ளை போய்விட்டது.

கடைசிக் காட்சி. கூரை இல்லாத கோயில். உள்ளே பனி விழுகிறது. அந்தத் தாய் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். சபை மூப்பர் வந்து அவள் தலையில் கை வைக்கிறார்.

“எடுத்ததுக்கும் நன்றி சொல்லு, மகள்” என்று அக்கா சொன்னாள்.

தாய் மெல்ல நிமிர்கிறாள். உதடு அசைகிறது. கொரிய மொழியில் ஒரே ஒரு சொல். இசை எழும்புகிறது.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை நீட்டினாள். படம் நின்றது.

முதலில் மிஷின் பழுது என்றுதான் நினைத்தோம். செயலாளர் முன்வரிசையிலிருந்து மெதுவாக, “சொல்லும் பிள்ளை, ஒரு சொல்லுத்தானே” என்றார்.

“ஏலாது, அண்ணை.”

“அவா சொல்லுறாதானே?”

“அவா சொல்லுறா. நான் சொல்லமாட்டன்.”

“மொழிபெயர்க்கத்தானே வந்தனீர்?”

“ஓம். இந்தச் சொல்லுக்கு என்னட்டைத் தமிழ் இல்லை.”

மைக் அவள் கையிலேயே இருந்தது. அதனால் ஹால் முழுக்கக் கேட்டது. பிறகு நடுவில் வயதான ஒரு அம்மா எழுந்தார். கிழக்கு லண்டன் குட்மேய்ஸிலிருந்து மகளோடு வந்தவர். எனக்கு முன்பின் தெரியாதவர். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்து, தன் மகனின் பெயரைச் சொன்னார். “அவனை எங்கை வச்சிருக்கிறீர்?” என்று கேட்டார். ஜெபத்தில் ஆண்டவரைக் கேட்பது போலத்தான் இருந்தது. வாசலில் நிற்கும் ஆளைக் கேட்பது போலவும் இருந்தது.

அக்கா மைக்கைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் உயர்த்தி, “ஆண்டவரே!” என்று கத்தினாள். கொரியர்களைப்போல மூன்று தடவை. பிறகு தன் தங்கையின் பெயர். தங்கையின் மகன் பெயர். மகள் பெயர்.

அதற்குப் பிறகு எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஹால் முழுக்க எழுந்து நின்றது. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பெயர்களைக் கத்தினார்கள். பக்கத்தில் நின்றவரின் குரல்கூட எனக்குக் கேட்கவில்லை. யுத்தத்தில் எனக்கு யாரும் இல்லை. ஆனாலும் என் வாயிலிருந்தும் ஒரு பெயர் வந்தது. ஐந்து மாதத்துப் பெயர்.

பள்ளிக்கூடக் காவலாளி, ஒரு வெள்ளைக்காரர், அடிதடி என்று நினைத்து ஓடி வந்தார். கதவைத் திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்காதான் திரும்பி, “நோ” என்றாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

கமிட்டி அந்த வாரமே கூடியது. இனி ஹாலில் படம் கிடையாது. அக்காவுக்கு இனி எந்தப் பொறுப்பும் கிடையாது. போதகர் அதைச் சொல்ல அவள் வீட்டுக்கு வந்தபோது நான் அங்கே வெங்காயத்தாள் அரிந்துகொண்டிருந்தேன்.

“கமிட்டிக்கு உங்களோடை கோபம்” என்றார்.

“உங்களுக்கு?”

போதகர் தேநீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார். “நானும் அண்டைக்குக் கத்தினனான்” என்றார். “உங்களுக்குக் கேட்டிருக்காது.”

“எனக்குக் கேக்கத் தேவையில்லையே.”

“வேறை சபைக்குப் போவீங்களோ எண்டு கேட்டுவரச் சொல்லிச்சினம்.”

“நான் ஏன் போகோணும்? வீட்டிலை தேப்பனோடை சண்டை பிடிக்கிற பிள்ளை வீட்டை விட்டுப் போகோணுமெண்டு சட்டமோ? ஞாயிற்றுக்கிழமை வருவன். அதே கதிரையிலை இருப்பன். போய்ச் சொல்லுங்கோ.”

வந்தாள். அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். சிலர் அவள் வரிசையில் உட்காரவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் அவள் முன்னறையில் இடம் போதாமல் மாடிப்படியில் உட்கார வேண்டி வந்தது.

ஆடி மாதம் வவுனியாவில் ஒரு முகாமிலிருந்து போன் வந்தது. தங்கை பேசினாள். மகன் இருக்கிறான். மகள் இல்லை. ஒன்பது வயது. அந்த போனை அக்கா உணவகத்துச் சமையலறையில் வைத்து எடுத்திருக்கிறாள். முதலாளியம்மா அடுப்புகளை அணைத்துவிட்டு, கடைக் கதவைப் பூட்டிவிட்டு, தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாளாம். இருவரும் பின்னேரம் முழுக்க அப்படியே இருந்தார்களாம். “அவா ஒண்டும் சொல்லேல்லை” என்று அக்கா என்னிடம் சொன்னாள். அதைவிடப் பெரிய பாராட்டு அவளிடம் கிடையாது.

ஐப்பசியில் அறுப்பின் பண்டிகை. மேசையில் பூசணிக்காய், டூட்டிங் கடையில் வாங்கிய முருங்கைக்காய், தகர டப்பாக்கள். தங்கை பிழைத்த செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாட்சி சொல்ல யாராவது வரலாம் என்று போதகர் சொன்னதும், பின்வரிசையில் யாரோ அக்காவின் தோளைத் தட்டினார்கள். சபை அவளை மன்னித்துத் திரும்ப அழைப்பதாகவே அதை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவள் எழுந்து முன்னால் போனாள். மைக்கைத் தொடவில்லை.

“என்ரை தங்கச்சி உயிரோடை இருக்கிறா. அவளின்ரை மகன் இருக்கிறான். அதுக்கு ஆண்டவருக்கு நன்றி. முழு மனசோடை சொல்லுறன்.”

“ஆமென்” என்றது சபை.

“அவளின்ரை மகள் இல்லை. அதுக்கு நான் நன்றி சொல்லமாட்டன். இண்டைக்கும் சொல்லமாட்டன், சாகும்போதும் சொல்லமாட்டன். எனக்கு மறுமொழி வேணும். அதையும் அவரிட்டைத்தான் கேக்கிறன்.”

அவ்வளவுதான். திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஆமென் வரவில்லை. ஆர்மோனியத்தில் இருந்த பெண் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போதகர் பிரசங்கத்துக்கு எழுந்தார். எழுதி வைத்திருந்த தாள்களைப் பார்த்தார். பிறகு அவற்றை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, “சகோதரி செபிச்சிட்டா. இண்டைக்கு அது போதும்” என்றார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். அக்காவுக்குப் பின்னேர ஷிப்ட். டிராமைப் பிடிக்க வேண்டும் என்று வேகமாக நடந்தாள். கார் நிறுத்துமிடத்தில் செயலாளர் வழியில் வந்து நின்றார். ஆறுதல் கூட்டத்துக்குப் பிறகு அவர் அவளோடு பேசியதே இல்லை. திட்டப் போகிறார் என்று நினைத்து நான் அவள் கையைப் பிடித்தேன்.

“என்ரை தமையன்ரை பொடியன்” என்றார். “முல்லைத்தீவிலை. சித்திரையிலை. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வீட்டிலைகூட.”

அக்கா நின்றாள். “பெயர் என்ன, அண்ணை?”

சொன்னார். அவள் அதைத் திருப்பிச் சொன்னாள்.

“இவ்வளவும் நடந்தாப்பிறகும் நீர் நம்புறீரோ? உண்மையாச் சொல்லும்” என்று கேட்டார் அவர். அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தெரியாத ஊரில் வழி கேட்கிறவர் குரல் அது.

“நம்பாட்டி நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது, அண்ணை?”

அவர் காரின் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். “எனக்குக் கத்திப் பழக்கமில்லை” என்றார்.

“கத்த வேண்டாம். கேளுங்கோ. ஆனா நன்றியிலை தொடங்காதேங்கோ.”

டிராம் வரும் சத்தம் கேட்டது. அக்கா ஓடினாள். திரும்பிப் பார்த்தபோது செயலாளர் காருக்குள் ஏறி உட்கார்ந்திருந்தார். கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது.